நீல டிரம்கள்

கிழக்கு வெளுக்கும் முன்பே கலவை அறையில் வேலை தொடங்கிவிடும். அவள் மாவு மூட்டையை இடுப்பால் முட்டுக்கொடுத்துத் தூக்கி, கொப்பரையின் விளிம்பில் சாய்த்து, கத்தியால் வாயைக் கிழித்தாள். வெள்ளைத் தூள் புகையாய்க் கிளம்பி முகத்தில் அப்பியது. பிளாஸ்டிக் மாவு அது. நாக்கில் ருசி தெரியாது, கண்ணில் மட்டும் கரகரக்கும். அடுத்து எண்ணெய். நீல டிரம்மின் மூடியைத் திருகிக் கழற்றி, கைப்பம்பைச் செருகி, தோள் கடுக்கக் கடுக்க அடித்தாள். நிறமில்லாத கனத்த திரவம் கொழகொழவென்று கொப்பரைக்குள் இறங்கியது. அதற்கு என்ன பெயர் என்று அங்கே யாருக்கும் தெரியாது. எண்ணெய் என்றுதான் சொல்வார்கள். டிரம்மில் ஒட்டியிருக்கும் தாளை, சரக்கு உள்ளே வருவதற்கு முன்பே கிழித்துவிடுவார்கள்.

மாவும் எண்ணெயும் சாயமும் சேர்ந்தால் பசை. பசையை அச்சில் ஊற்றி, அச்சை அடுப்பில் சுழலவிட்டு எடுத்தால் வாத்து, மீன், ஆமை. குழந்தைகள் குளிக்கும்போது தண்ணீரில் மிதக்கவிடும் பொம்மைகள். எண்ணெய் கூடக்கூட பொம்மை மிருதுவாகும்.

"பிள்ளைங்க வாயில வச்சுக் கடிக்கற சாமான். ஈறுல உறுத்தக் கூடாது பாருங்க" என்பார் முதலாளி.

பசை பதமாகிவிட்டதா என்று அவள் கையை முழங்கைவரை விட்டுப் பார்ப்பாள். விரல் நுனியிலிருந்து வழியும் வேகத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். அதனால் ஆலை முழுக்க அவள் பெயர் கலவையக்கா. அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

உதவிக்கு ஒரு பெண்ணைப் போட்டிருந்தார்கள். கல்யாணமாகி வந்த சூட்டோடு வேலைக்குச் சேர்ந்தவள். புதுப்பொண்ணு என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போது வயிறு தெரியத் தொடங்கிய பிறகும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. சுவரிலிருந்த பெரிய காற்றாடியை முதலாளி நிறுத்திப் பல மாதங்கள் ஆகின்றன. அது மாவையும் சேர்த்து உறிஞ்சி வெளியே தள்ளுகிறதாம். அறைக்குள் புது மழைக்கோட்டின் வாசனை கனத்துக் கிடந்தது. புதுப்பொண்ணு அடிக்கடி வெளியே ஓடி வாந்தி எடுத்துவிட்டு வந்தாள்.

"பழகிடும்டி. எனக்கும் முதல்ல இப்படித்தான் இருந்துச்சு" என்றாள் கலவையக்கா. "கையுறையெல்லாம் தேடாத. இந்த எண்ணெய் பட்டுப் பட்டு என் கை எப்படி ஆயிருக்குன்னு பாரு. ராணி கை! வேற எந்த ஆலையில இப்படி இலவசமா மெருகேத்துவாங்க?"

இருவரும் சிரித்தார்கள்.

அந்த வார விடுமுறையன்றுதான் கலவையக்கா தன் மகளைக் குளிப்பாட்டினாள். முன்பற்கள் விழுந்து, புதுப்பல் இன்னும் எட்டிப் பார்க்காத பொக்கை வாய்ப் பெண். வாய் ஓயாது. பள்ளியில் பக்கத்துப் பெஞ்சுக்காரி பென்சிலைக் கடித்துத் துப்பிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவள், அம்மாவின் சோப்புக் கை மார்பில் பட்டதும் சட்டென்று பின்வாங்கினாள்.

"அங்க தேய்க்காதம்மா. வலிக்குது."

"எங்கயாவது விழுந்தியா?"

"விழலையே. ரொம்ப நாளா வலிக்குது."

விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தாள். தோலுக்கு அடியில் பட்டாணி அளவுக்குக் கட்டி. அடுத்த பக்கமும் தொட்டாள். அங்கேயும். சோப்பு நுரையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பொம்மைக்குச் சட்டை மாற்றி விளையாடும் குழந்தைக்கு மார்பு அரும்புகிறது.

இரண்டொரு நாள் யாரிடமும் சொல்லவில்லை. கொடுத்த சாப்பாட்டில் ஏதாவதா, தன் வயிற்றுக் கோளாறா, தான் யாருக்காவது செய்த பாவமா என்று என்னென்னவோ ஓடியது. கணவன் சரக்கு வண்டி ஓட்டுகிறவன், வெளியூர் போயிருந்தான். கடைசியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு மகளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா குழந்தையைப் பரிசோதித்துவிட்டு, விளையாட வெளியே அனுப்பினார். பிறகு கதவைச் சாத்தினார்.

"பயப்படாதீங்க. கட்டி இல்ல. ஆனா வயசுக்கு ரொம்ப முன்னாடியே உடம்பு வளர ஆரம்பிச்சிருக்கு. ரத்தம் பாக்கணும், ஸ்கேன் எடுக்கணும். நீங்க என்ன வேலை செய்யறீங்க?"

சொன்னாள்.

"வேலைக்குப் போட்டுட்டுப் போற துணிய எங்க துவைப்பீங்க?"

"வீட்டுலதான். எல்லாத் துணியோடயும் சேத்து." சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. விடியுமுன் தான் கிளம்பிப் போனதும் மகள் அழக்கூடாது என்று, முந்தின நாள் கழற்றிய வேலைச் சட்டையை அவள் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போவது வழக்கம். அந்தச் சட்டையை முகத்தில் போர்த்திக்கொண்டுதான் குழந்தை தூங்கும். அம்மா வாசனை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தாள்.

"ஆலைப் பொம்மை ஏதாவது வீட்டுல இருக்கா?"

"பழுதானது கொண்டு வருவேன்."

"தண்ணி எதுல பிடிச்சு வைப்பீங்க?"

அவள் கையைத் தூக்கி, தன் இடுப்புயரத்துக்குக் காட்டினாள்.

"எண்ணெய் வர்ற டிரம்ல."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். அந்த எண்ணெய் வகையில் சில, உடம்புக்குள் போனால் வளர்ச்சிக்கான சுரப்பிகளைக் குழப்பிவிடக்கூடியவை என்றார். வயிற்றில் இருக்கும் சிசுவுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும்தான் அதனால் கவலை அதிகம் என்றார். "உங்க பொண்ணுக்கு இதாலதான் வந்துச்சுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. வேற காரணமும் இருக்கலாம். ஆனா அந்த டிரம்மை இன்னிக்கே நிறுத்துங்க. சட்டை, பொம்மை, எல்லாத்தையும் விலக்குங்க." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்க தப்பு இல்லம்மா" என்றும் சொன்னார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இந்த வார்த்தைதான் வீடு வரும்வரை கூடவே வந்தது.

வீட்டுக்கு வந்ததும் டிரம்மைச் சாய்த்துத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினாள். நிமிர்ந்து பார்த்தபோது வரிசை வீடுகள் கண்ணில் பட்டன. வாசலுக்கு வாசல் நீல டிரம். குழாயில் தண்ணீர் வருவது கொஞ்ச நேரம்தான். பிடித்து வைக்கப் பாத்திரம் போதாமல் பெண்கள் அடித்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. அவள்தான் முதலாளியிடம் போய் நின்று காலி டிரம் கேட்டாள். "எடுத்துட்டுப் போ, எனக்கென்ன" என்றார் அவர். ஒவ்வொன்றையும் தெருவில் உருட்டி வந்து, வெந்நீரும் சோப்புத் தூளும் போட்டு, உள்ளே தலையை விட்டுத் தேய்த்து, வாசனை போகும்வரை கழுவி ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்தவள் அவள். மகராசி என்று வாழ்த்தினார்கள். சுவரை ஒட்டிய அடுத்த வீட்டுத் தையல்காரி பிள்ளை பெற்று வந்தபோது, அவளுக்கென்று இரண்டாவதாக ஒன்றையும் தேடிக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள்.

கணவன் ஊரிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தூங்கும் மகளின் போர்வையை இழுத்துவிட்டான்.

"வைத்தியத்தைப் பாப்போம். ஆனா வெளிய வாயத் திறக்காத" என்றான். "பொம்பளப் புள்ள. நாளைக்கு நாலு பேரு நாலு விதமா பேசுவான். உன் வேலையும் போயிடும்."

"பக்கத்து வீட்டுக் குழந்தைங்களும் அந்தத் தண்ணியத்தானே குடிக்குது?"

"நீ வேணும்னேவா கொடுத்தே?"

அவள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் காது திறந்தே இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தையல்காரி டிரம்முக்குள் சொம்பை விட்டு மொள்ளும் சத்தம் கேட்கும். கைக்குழந்தைக்குப் பால்பொடி கரைக்கிறாள். அது வீறிட்டு அழுதுவிட்டுச் சட்டென்று அடங்கும். குடிக்கிறது. இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று எழுந்து, வாசல்வரை போய், துடைப்பம் எடுக்க வந்தவள்போல் அதை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவாள். ஒருமுறை தையல்காரியே எதிரில் வந்து, "என்னக்கா, உடம்புக்கு முடியலையா? முகமே சரியில்லையே. நான் ஏதாச்சும் செஞ்சு எடுத்துட்டு வரவா?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லடி, தலைவலி" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மகளைக் கட்டிப்பிடிக்கவும் கை கூசியது. குழந்தை மடியில் வந்து விழும்போதெல்லாம், "இரு, அம்மா குளிச்சுட்டு வர்றேன்" என்று தள்ளிவிட்டாள். "இப்பல்லாம் அம்மாக்கு என்னைப் பிடிக்கல" என்று அது அப்பாவிடம் போய்ச் சொன்னது.

வேலையை மட்டும் விடவில்லை. விட்டால் வைத்தியத்துக்கு வழியில்லை.

ஒரு நாள் காலை கொப்பரையைக் கிளறிவிட்டுத் திரும்பியபோது, புதுப்பொண்ணு மூலையில் நின்று சட்டையைத் தூக்கி, உள்ளங்கையில் எண்ணெயை ஏந்தி, வயிற்றில் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை மூடி, ஆசையாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏய்! என்னடி பண்றே?"

"தோலு இழுத்து அரிக்குதுக்கா. இதைத் தடவினா இதமா இருக்கு." அவள் சிரித்தாள். "நீங்கதானே சொன்னீங்க, மெருகேறும்னு."

கலவையக்காவின் தொண்டையிலிருந்து வந்தது பேச்சா அலறலா என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் நிறுத்தி, சோப்பை எடுத்து அந்த வயிற்றைக் கழுவினாள். கழுவினாள், மறுபடியும் கழுவினாள். புதுப்பொண்ணு மிரண்டுபோய், "என்னக்கா, என்னாச்சுக்கா" என்று கேட்டபடி நின்றாள். பேக்கிங் மேஜையிலிருந்த பெண்கள் ஓடி வந்தார்கள். முன்னால் வந்தவள் ரேடியோ. காலையில் திறந்த வாயைச் சாயங்காலச் சங்கு ஊதினால்தான் மூடுவாள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர்.

"பேய் பிடிச்சிருச்சாடி உனக்கு? தோலு உரிஞ்சிடப் போவுது, விடு!"

கலவையக்கா சோப்பைக் கீழே போட்டாள். மகளின் மார்பு, ஆஸ்பத்திரி, சட்டை, டிரம், எல்லாம் வரிசை தவறி, முன்னுக்குப் பின்னாக, ஒரே மூச்சில் வெளியே வந்தது. "என் புள்ளைக்கு நானே ஊட்டியிருக்கேன்டி" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "இவளுக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

ரேடியோ ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எல்லோரையும் திரும்பிப் பார்க்கவைத்தது. அவள் ஈரத்தரையில் மெல்ல உட்கார்ந்தாள்.

"என் பெரியவளுக்கு ரெண்டாவது படிக்கும்போதே இப்படித்தான்" என்றாள். எப்போதும் ஆலையைக் கிழிக்கும் அந்தக் குரல் ஒடுங்கிக் கிடந்தது. "இறுக்கமா பாடி தச்சுப் போட்டு, நிமிந்து நடக்காதடி, குனிஞ்சு நடன்னு சொல்லிச் சொல்லியே வளத்தேன். வெளிய சொன்னா மானம் போகும்னு பயம். இப்ப அவ கூன் போட்டுத்தான் நடக்கறா."

பொம்மைகளின் ஓரத்தைச் சீவும் ஒல்லியான பெண் ஒருத்தி, யாரையும் பார்க்காமல், "எனக்குத் தங்கவே இல்ல. ஒவ்வொரு தடவையும் கலைஞ்சு போச்சு. என் ராசின்னு மாமியார் சொன்னாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்றாள்.

அச்சு எந்திரத்தை ஓட்டும் பெரியவர் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "இத்தனை நாளா இதை ஒருத்தரும் சொல்லலையேம்மா."

"எப்படிண்ணே சொல்றது?" என்றாள் ரேடியோ. "அவஅவ தன் தப்புன்னுல்ல நினைச்சுக் கிடந்தோம்."

அது காரணமா இல்லையா என்று அந்தக் குழாயடியில் யாராலும் தீர்த்துச் சொல்ல முடியாது. ஆனால் தனித்தனியாக ஒவ்வொருத்தியும் சுமந்து திரிந்த பாரத்தை முதல்முறையாக எல்லோரும் ஒரே இடத்தில் இறக்கி வைத்திருந்தார்கள். மறுநாள் முதலாளியிடம் எல்லோருமாகப் போய்க் கேட்பது என்று முடிவானது.

"அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வேலை இருக்கு" என்றாள் கலவையக்கா.

சாயங்காலம் வரிசை வீடுகளின் வாசலில் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னாள். கணவன் உள்ளேயே இருந்தான். சிலருக்குப் புரியவில்லை, சிலர் நம்பவில்லை. தையல்காரிக்கு மட்டும் எல்லாம் புரிந்தது. இடுப்பிலிருந்த குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

அந்தக் கேள்விக்குத்தான் அவள் பயந்திருந்தாள்.

"ஆஸ்பத்திரி போன அன்னிக்கே தெரியும்."

"அதுக்கப்புறமும் என் புள்ளைக்கு நான் கரைச்சுக் குடுக்கறதைக் கேட்டுக்கிட்டு இருந்தியா? தலைவலின்னு கதவைச் சாத்தினியே, அன்னிக்கே தெரியுமா? உன் வீட்டு டிரம்மை மட்டும் கவுத்துட்டே!"

"ஆமா."

"நீயெல்லாம் ஒரு தாயா?"

கலவையக்கா தலை குனிந்து நின்றாள். தையல்காரி தன் டிரம்மை ஒரு உதை விட்டாள். அது புரண்டு, தண்ணீர் தெரு நீளத்துக்கும் ஓடியது.

காலையில் சங்கு ஊதியபோது யாரும் உள்ளே போகவில்லை. ஆலை வாசலில் நின்றார்கள். பேக்கிங் பெண்கள், ஓரம் சீவுகிறவர்கள், அச்சு எந்திரத்து ஆண்கள். கலவையக்கா தன் வீட்டு டிரம்மை உருட்டிக்கொண்டு வந்திருந்தாள். பார்த்தால், அவளுக்குப் பின்னால் தெருமுனையிலிருந்து கடகடவென்று சத்தம். வரிசை வீட்டுக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள், ஆளுக்கு ஒரு டிரம்மைக் காலால் தள்ளிக்கொண்டு. தையல்காரி ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் டிரம்முமாக வந்தாள். கலவையக்காவைத் திரும்பியும் பார்க்கவில்லை.

முதலாளியின் கார் வாசலுக்கு வந்து, வழியில்லாமல் நின்றது.

"என்ன கூத்து இது? டிரம்மை எல்லாம் எதுக்குக் கொண்டு வந்தீங்க?"

"நீங்க குடுத்தது. திருப்பிக் குடுக்க வந்தோம்" என்றாள் கலவையக்கா.

"பாவம் பாத்துக் குடுத்தேன். அதுக்கு இந்த மரியாதையா?"

"உள்ள என்ன இருந்துச்சுன்னு சொல்லிக் குடுத்தீங்களா, சார்? அது பேரு என்ன?"

"எண்ணெய்! உலகம் பூரா போடறான். ஆபத்துன்னா முதல்ல நான்ல போயிருக்கணும்?"

"நீங்க கலவை ரூமுக்குள்ள வந்து எத்தனை நாளாச்சு?" என்று ரேடியோ எடுத்துவிட்டாள். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

முதலாளி குரலை மாற்றினார். "சரிம்மா, உன் பொண்ணுக்கு உடம்பு சரியில்லன்னு கேள்விப்பட்டேன். இதாலதான்னு டாக்டர் சொன்னாங்களா?"

"உறுதியா சொல்ல முடியாதுன்னாங்க."

"அவ்வளவுதான்! டாக்டருக்கே தெரியல. அப்புறம் என்ன?"

"உறுதியாகற வரைக்கும் எங்க பிள்ளைங்களை வச்சா பாப்பீங்க?"

கூட்டம் அசைந்தது. முதலாளியின் முகம் கறுத்தது. அவர் விரலை நேராக அவள் முகத்துக்கு நீட்டினார்.

"டிரம்மைக் கேட்டது யாரு? நீ. வீடு வீடாக் கொண்டுபோய்க் குடுத்தது யாரு? நீ. உன் கையால செஞ்சுட்டு என் மேல பழி போடறியா? இவங்க கேக்க வேண்டியது உன்னைத்தான்!"

அவர் சொன்னதில் பொய் இல்லை. இரவெல்லாம் அவளுக்குள் கேட்டுக்கொண்டிருந்த அதே வார்த்தைகள். தையல்காரி இருந்த பக்கம் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

"ஆமா, நான்தான் குடுத்தேன்" என்றாள். "கேட்டாங்க. கேப்பாங்க. சாகற வரைக்கும் நான் அவங்களுக்குப் பதில் சொல்லணும். ஆனா எனக்கு அப்பத் தெரியாது. உங்களுக்கு?"

"எனக்கு மட்டும் என்ன தெரியும்?"

அச்சுக்காரப் பெரியவர் முன்னால் வந்தார். சத்தம் போட்டுப் பேசிப் பழக்கமில்லாதவர். "கடல் தாண்டிப் போற சரக்குக்கு மட்டும் தனியா வேற எண்ணெய் இறக்கறீங்களே சார், அதை மட்டும் ஏன் மாத்தறீங்க? அங்க இருக்கறதுங்க மட்டும்தான் குழந்தைங்களா?"

முதலாளி நீட்டிய விரலை மடக்கிக்கொண்டு காரின் பக்கம் திரும்பினார். அதை வாசலில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"எண்ணெயை மாத்துங்க. காத்தாடியை ஓட விடுங்க" என்றாள் கலவையக்கா. "வயித்துப்பிள்ளைக்காரிய அந்த ரூமுக்கு அனுப்பாதீங்க. வேலைத் துணி இங்கயே இருக்கட்டும், இங்கயே துவைங்க. இந்தத் தெருப் பிள்ளைங்க எல்லாத்தையும் டாக்டர்கிட்ட காட்டுங்க. அதுவரைக்கும் கொப்பரையில கை வைக்க மாட்டேன்."

"நீ வைக்கலன்னா வேற ஆளு வைப்பான். அடுத்த வாரமே ஆளு வரும்."

"வரட்டும் சார்" என்றாள் புதுப்பொண்ணு. இத்தனை நேரம் வாயே திறக்காதவள். வயிற்றில் கை வைத்திருந்தாள். "வந்தா அவங்களுக்கும் சொல்லுவோம்."

கதவைப் பூட்டச் சொல்லிவிட்டு முதலாளி காரைப் பின்னால் எடுத்துப் போனார். இரும்புக் கதவு மூடியது. கூலி இல்லாத நாள் தொடங்கிவிட்டது. இது எத்தனை நாள் நீளும் என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் என்ன சொல்வது என்று ஒல்லிப் பெண் முணுமுணுத்தாள். "எங்க வீட்டுல நான் சொல்றதையே சொல்லு. ரெண்டு வீட்டுலயும் அடி ஒண்ணா விழட்டும்" என்றாள் ரேடியோ. பழைய குரல் கொஞ்சம் திரும்பியிருந்தது.

வெயில் ஏறியது. மதில் நிழலில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். சரக்கு வண்டி ஒன்று வந்து நின்றது. இறங்கியவன் அவள் கணவன். மூடிய கதவையும் கூட்டத்தையும் பார்த்தான். வண்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, ஆண்கள் இருந்த பக்கம் போய் நின்றுகொண்டான்.

கலவையக்கா வரிசையின் கடைசியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். மடியில் கிடந்த கைகளைப் பார்த்தாள். மிருதுவாகத்தான் இருந்தன. முதலாளியைக் கேள்வி கேட்டுவிட்டதால் நெஞ்சிலிருந்த கல் கரைந்துவிடவில்லை. மகளுக்கு என்ன ஆகும் என்பது எந்தக் கோரிக்கையிலும் அடங்காத கேள்வி.

முன்னால் ஒரு நிழல் விழுந்தது. தையல்காரி. குழந்தை அவள் தோளில் தூங்கிப்போயிருந்தது.

"உங்களை நான் இன்னும் மன்னிக்கல" என்றாள்.

"மன்னிக்க வேணாம்."

"நாளைக்கும் வருவேன். இது முடியற வரைக்கும் வருவேன்." குழந்தையின் தலையை வெயில் படாமல் கையால் மறைத்துக்கொண்டாள். "கொஞ்சம் தள்ளி உக்காருங்கக்கா. நிழல் உங்க பக்கம்தான் இருக்கு."